பழைய எஃகுப் பிஸ்டலைப் பேணுவது எப்படி: 1911 வகைக்கான வழிகாட்டி

முழுக்க எஃகால் ஆன, தேர்ந்த கை ஒன்று பொருத்திக் கொடுத்த பழைய பிஸ்டலைச் சுட்டுப் பழகியவர்கள் அதை எளிதில் விடமாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1.1 கிலோ எடை பின்னுதைப்பின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ட்ரிக்கர் நேராகப் பின்னுக்கு நகர்கிறது, சட்டென்று விடுகிறது. ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பாகம்) பின்னுக்குப் போய்த் திரும்பும்போது எங்கும் தட்டுத்தடுமாறுவதில்லை. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு, 1985-இல் பெரட்டா எம்9 தேர்வாகும் வரை அங்கே முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இன்றும் அது பலர் கையில் அன்றாடம் சுடுகிறது.

இந்தப் பிஸ்டலின் அருமை ஒன்றோடொன்று உரசும் சில பரப்புகளில் இருக்கிறது: பேரலின் (குழலின்) பற்கள், அதன் முனையைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் உள்விட்டம், ட்ரிக்கரை இழுக்கும்வரை ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரின் முனை, ஹேமரின் (சுத்தியின்) கொக்கி. யாரோ ஒருவர் அரத்தாலும் கல்லாலும் நூலிழை அளவுக்குப் பொருத்திய பரப்புகள் இவை. தேய்த்துவிட்டால் திரும்ப வராது. ஸ்பிரிங்குகளும் மேகசின்களும் அப்படியல்ல, அவை செலவாகும் பொருள்கள். ஆகவே ஸ்பிரிங்கை மாற்றத் தயங்காதீர்கள், பொருத்திய பரப்பில் எமரித் தாள் வைக்காதீர்கள். கீழே சொல்வது எல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியதே. .45 ஏசிபி தோட்டாவுக்கான 5 அங்குலப் பேரல் கொண்ட 1911 வகையை வைத்துச் சொல்லியிருக்கிறோம்.

பிரிப்பதற்கு முன்

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையை) கண்ணால் பாருங்கள், விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். வரிசை மாறக் கூடாது: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால், ஒரு தோட்டா வெளியேறி அடுத்தது சேம்பருக்குள் போய்விடும். வேலை செய்யும் மேசை இருக்கும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது. சோதனைக்கு மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை உண்மையான தோட்டாவிலிருந்து நிறத்திலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

கண்ணாடி அணியுங்கள். பேரலுக்குக் கீழே இருக்கும் பிளக்கை, ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் முழு விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி புஷ்ஷைக் கால் வட்டம் திருப்பி, அழுத்தத்தை மெதுவாக விடுங்கள். விரல் நழுவினால் பிளக் முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு நகர்த்தி, அதன் இடப்பக்கத்தில் உள்ள அரைவட்ட வெட்டை ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைப் பூட்டும் நெம்பின்) பின்முனைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். வலப்பக்கம் தெரியும் அதன் பின்னின் (ஊசியின்) முனையை விரலால் அழுத்தினால் ஸ்லைடு ஸ்டாப் இடப்பக்கம் வெளிவரும். ஸ்லைடை முன்பக்கம் உருவி, ஸ்பிரிங்கையும் அதன் கைடையும் எடுத்து, புஷ்ஷைக் கழற்றி, லிங்க்கை (பேரலின் அடியில் ஆடும் சிறு இணைப்பை) முன்னோக்கி மடக்கிப் பேரலை வெளியே எடுங்கள். வழக்கமான சுத்தத்துக்கு இவ்வளவு பிரித்தால் போதும். ஸ்லைடு இல்லாத ஃபிரேமில் (பிடி உள்ள கீழ்ப்பாகத்தில்) ட்ரிக்கரை இழுக்காதீர்கள். ஹேமர் தடையின்றி விழுந்து ஃபிரேமில் அடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது பழைய பிஸ்டல்களில் அதிகம் நடக்கும் சேதம் ஒன்று உண்டு. ஸ்லைடு ஸ்டாப்பை அதன் துளையில் அரைகுறையாக நுழைத்துவிட்டு மேல்நோக்கிச் சுழற்றினால், ஃபிரேமின் இடப்பக்கத்தில் வில் வடிவத்தில் ஒரு கீறல் விழும். எழுபது வருட நீலப்பூச்சில் விழுந்த அந்தக் கீறலை எதனாலும் மறைக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் பூட்டுங்கள். லிங்க்கின் துளையும் ஃபிரேமின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, பின்னை நேராகத் தள்ளி, கடைசி மில்லிமீட்டரில் மட்டும் மேலே அழுத்தினால் கீறல் விழாது.

விரிசலும் தேய்மானமும்

பிஸ்டல் புதிதாகக் கைக்கு வந்திருந்தால், சுடுவதற்கு முன்பே கரைப்பான் போட்டு எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் விரிசலை மறைத்துவிடும்.

ஸ்லைடில் காலி உறை வெளியேறும் வாயின் மூலைகளையும், முன்புறம் ஸ்பிரிங் போகும் குழாய்ப் பகுதியையும் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்து ஸ்லைடுகள் இன்றைய ஸ்லைடுகளைப் போலக் கடினப்படுத்தப்பட்டவை அல்ல. அப்படிப்பட்ட ஒன்று கிடைத்திருந்தால் அதை அபூர்வமாக மட்டும் சுடுங்கள், அடிக்கடி சுட வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் விரிசல் கண்டால் அதற்குமேல் சுடவே கூடாது. ஃபிரேமின் இடப்பக்கத்தில், ஸ்லைடு ஸ்டாப்புக்கு மேலே ரயில் (ஸ்லைடு ஓடும் தடம்) மெலிதாக இருக்கும் இடத்திலும் சிறு விரிசல் வருவதுண்டு. அது அந்த மெல்லிய பாலத்தோடு நின்றிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, சில தயாரிப்பாளர்கள் அந்தத் துண்டை வெட்டியே விற்றிருக்கிறார்கள். விரிசல் அதைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோக வேண்டும்.

பேரலில் மேற்பற்களின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக, சதுரமாக இருக்க வேண்டும். உருண்டு நசுங்கியிருந்தால், பேரல் முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் வெகுகாலம் சுடப்பட்டிருக்கிறது என்று பொருள். கீழ்ப்பற்களின் அடியில் விரிசல் இருக்கிறதா, லிங்க் பின் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேரலின் உள்ளே வெளிச்சம் பாய்ச்சும்போது மோதிரம் போல ஒரு நிழல் வளையம் தெரிந்தால் பேரல் உப்பியிருக்கிறது. மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு உள்ளேயே நின்றுபோக, அதன்மேல் இன்னொன்றைச் சுட்டதன் தழும்பு அது. அந்தப் பேரலை மாற்ற வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிக் கிடக்கிறது. பிஸ்டலை ஆட்டினால் ஸ்லைடு கடகடவென்று ஒலிக்கிறது, ஆகவே குறி தவறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிரேமுக்கும் ஸ்லைடுக்கும் இடையே உள்ள ஆட்டம் குறியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, ஏனென்றால் முன்குறி, பின்குறி இரண்டும் ஸ்லைடின் மேல்தான் இருக்கின்றன. பேரல் ஒவ்வொரு முறையும் ஸ்லைடுக்குள் அதே இடத்தில் வந்து அமர்கிறதா என்பதே முக்கியம். ஸ்லைடை மூடி, உறை வெளியேறும் வாய் வழியே தெரியும் பேரலின் பின்மேற்பகுதியைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். அசையக் கூடாது. பேரலின் முனையைப் புஷ்ஷுக்குள் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் உணர முடிந்தால் புதிய புஷ் ஒன்றைப் பொருத்துவதே மிகக் குறைந்த வேலையில் மிகப் பெரிய பலன் தரும்.

நீளமான லிங்க்கைப் போட்டுப் பேரலை இறுக்கும் குறுக்கு வழியில் போகாதீர்கள். நிலையான லிங்க்கின் இரு துளை மையங்களுக்கும் இடையே 0.278 அங்குலம். நீண்ட லிங்க்கில் பேரல் தன் கீழ்ப்பற்களில் தாங்காமல் லிங்க்கின் மேலேயே நிற்கும். கையில் இறுக்கமாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் அடி லிங்க் பின்னிலும் பற்களிலும் விழும்.

1970-இல் வந்த கோல்ட் மார்க் 4 சீரிஸ் 70 பிஸ்டல்களில் விரல்கள் போலப் பிளந்த புஷ் இருந்தது. புதிதில் நன்றாகப் பிடிக்கும். அந்த விரல்களில் ஒன்று முறிந்தால் ஸ்லைடு நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அசல் புஷ்ஷை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, சுடுவதற்குத் திடமான புஷ் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது.

ஸ்பிரிங்குகள்

முழு வேகத் தோட்டாவுக்கு, அதாவது 230 கிரெயின் (ஏறத்தாழ 15 கிராம்) குண்டு ஏறத்தாழ வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டாவுக்கு, நிலையான ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு. 2000 முதல் 3000 சூட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எத்தனை சுட்டிருக்கிறது என்று தெரியாத பிஸ்டலில் முதல் நாளே மாற்றிவிடுங்கள். பழையதைப் புதியதன் அருகே வைத்துப் பார்த்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

தளர்ந்த ஸ்பிரிங்கின் அடையாளம் காலி உறைகள் மிகத் தொலைவில் போய் விழுவது. ஸ்லைடு ஃபிரேமில் மோதும் ஓசையும் கையில் தெரியும். அதற்காகக் கனமான ஸ்பிரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 20 பவுண்டு ஸ்பிரிங் பின்னடியைக் குறைத்தாலும், ஸ்லைடை முன்னோக்கிக் கூடுதல் வேகத்தில் விரட்டி, ஸ்லைடு ஸ்டாப் பின்னிலும் கீழ்ப்பற்களிலும் மோத விடும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு கடந்துபோவதும் உண்டு.

இலக்குப் போட்டிகளுக்காகச் செம்மைப்படுத்திய பழைய பிஸ்டல்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். அவற்றில் மெதுவான 185 அல்லது 200 கிரெயின் ஈயக் குண்டுகளுக்காக 12, 13 பவுண்டு ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். வாங்கியவர் அது தெரியாமல் முழு வேகத் தோட்டாவைச் சுட்டால் ஃபிரேம் அடிவாங்கும். ஒரு பிஸ்டல் எந்தத் தோட்டாவுக்காகச் செம்மைப்படுத்தப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் 16-இல் தொடங்குங்கள். +பி என்று குறித்த மிகு அழுத்தத் தோட்டாக்களைப் பழைய ஃபிரேமில் சுடவே வேண்டாம்.

ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். வுல்ஃப் நிறுவனம் இரண்டையும் ஒரே உறையில் தருவது இதற்காகத்தான். பழைய 1911-இல் ஃபயரிங் பின்னுக்குத் தனியே தடுப்பு கிடையாது, அது 1983-இல் சீரிஸ் 80 வந்தபோது சேர்ந்தது. தடுப்பில்லாத பிஸ்டல் குழல் கீழாக விழுந்தால், பின் முன்னோக்கி ஓடி பிரைமரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டுமே. ஸ்பிரிங்கின் இறுகிச் சுற்றிய முனையைப் பின்னின் பக்கம் வையுங்கள்.

ஹேமரை விழவைக்கும் மெயின்ஸ்பிரிங் 23 பவுண்டு, நெடுநாள் வரும். மூன்று விரல் கொண்ட தட்டை சியர் ஸ்பிரிங்கில் இடது விரல் சியரையும், நடு விரல் டிஸ்கனெக்டரையும் (ஸ்லைடு முழுதாக மூடாதபோது ட்ரிக்கரின் தொடர்பை அறுப்பது) ட்ரிக்கரையும், வலது விரல் கிரிப் சேஃப்டியையும் (பிடியை இறுகப் பிடித்தால் மட்டும் விடும் தடுப்பு) தள்ளுகின்றன. ட்ரிக்கரை லேசாக்க இந்த விரல்களை வளைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. செய்யாதீர்கள். இடது விரல் தளர்ந்தால் ஸ்லைடு மூடும் அதிர்வில் சியர் கொக்கியிலிருந்து நழுவும்.

மேகசினும் எக்ஸ்ட்ராக்டரும்

பழைய 1911 சிக்கிக்கொள்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பான்மை மேகசினில்தான் முடிகிறது. ஒவ்வொரு மேகசினிலும் ஒரு எண்ணைக் கீறி வையுங்கள். சிக்கல் வந்தால் எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிக்கலும் 3ஆம் எண்ணில் வந்தால் பிஸ்டலில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. மேல் உதடுகள் அகன்றிருந்தால் தோட்டா சீக்கிரமே விடுபட்டு மேல்நோக்கி நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கடைசி இரண்டு தோட்டாக்கள் மூக்கைக் கீழே போட்டுச் சிக்கும், அல்லது மேகசின் காலியானதும் ஸ்லைடு பூட்டாது. உதட்டை இடுக்கியால் சரிசெய்து பார்ப்பதைவிடப் புதிய 7 தோட்டா மேகசின் ஒன்று வாங்குவது மேல்.

காலி உறையைச் சேம்பரிலிருந்து கொக்கியால் இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், தானே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ஒற்றை எஃகுத் துண்டு. சோதிப்பது எளிது. ஸ்லைடைத் தனியே எடுத்து, போலித் தோட்டா ஒன்றைக் கீழிருந்து மேலாக அதன் கொக்கிக்குள் நுழையுங்கள். ஸ்லைடை மெதுவாக அசைத்தால் தோட்டா நிற்க வேண்டும், வேகமாக உதறினால் விழலாம். மெல்ல அசைக்கும்போதே விழுந்தால் இறுக்கம் போதாது. தள்ளி நுழைக்கவே கடினமாக இருந்தால் இறுக்கம் அதிகம், ஸ்லைடு கடைசி சில மில்லிமீட்டரில் மூடாமல் நிற்பதற்கு அது காரணமாகலாம். இறுக்கம் கூட்ட, எக்ஸ்ட்ராக்டரின் முனையை மட்டும் அதன் துளைக்குள் சிறிது நுழைத்து, வெளியே நிற்கும் உடலை மிக மிகச் சிறிதளவு வளைத்து, மறுபடி சோதியுங்கள். ஒரே தடவையில் வளைத்து முடிக்க முயல்வதால்தான் முறிகிறது.

சரியான இறுக்கம் இருந்தும் காலி உறைகள் ஒருமுறை வலப்பக்கமும் மறுமுறை தலைமேலும் விழுந்தால், ஃபயரிங் பின் ஸ்டாப்பை (ஸ்லைடின் பின்புறம் ஃபயரிங் பின்னை இடத்தில் நிறுத்தும் தகட்டை) பாருங்கள். அது எக்ஸ்ட்ராக்டரின் பள்ளத்தில் தளர்வாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள் சுழன்றுவிடும். சற்று அகலமான ஸ்டாப் ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்தது.

சேம்பருக்குள் கையால் ஒரு தோட்டாவைப் போட்டு அதன்மேல் ஸ்லைடை விடக் கூடாது. தோட்டாவின் விளிம்பு கீழிருந்து வழுக்கி ஏறவேண்டும் என்றே அந்தக் கொக்கி வடிவமைக்கப்பட்டது. முன்பக்கமாக மோதித் தாண்ட வைத்தால் கொக்கி இறுக்கம் இழக்கும், சில நேரம் உடையும்.

தோட்டா ஏறும் சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிஸ்டல்கள் உருண்டை மூக்குக் குண்டுகளுக்காகச் செய்தவை. குழிமூக்குத் தோட்டா சிக்குகிறது என்று சரிவைச் சுழல் கருவியால் பளபளப்பாக்குவது பிஸ்டலைக் கெடுக்கும் நிச்சயமான வழி. ஃபிரேமின் சரிவுக்கும் பேரலின் சரிவுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் படி இருக்கத்தான் வேண்டும். அதை ஒரே சரிவாகச் சமன் செய்தால் குண்டின் மூக்கு பேரலின் விளிம்பில் முட்டும். பேரலின் பக்கம் அதிகம் தேய்த்தால் தோட்டாவின் அடிப்பகுதிக்கு ஆதாரம் இல்லாமல் போய் உறை வெடிக்கும். உருண்டை மூக்குத் தோட்டாவையே கொடுங்கள், பிஸ்டலும் தடையின்றி ஓடும்.

ட்ரிக்கரும் பாதுகாப்புச் சோதனையும்

நன்றாகச் செம்மைப்படுத்திய ட்ரிக்கர் 3.5 முதல் 4.5 பவுண்டில் விடும், அதாவது சுமார் 1.6 முதல் 2 கிலோ. அந்த விடுதலை இருப்பது சியர் முனைக்கும் ஹேமர் கொக்கிக்கும் இடையே. அந்த இடத்தில் கல் வைப்பது முறையான ஜிக் (பாகத்தைச் சரியான கோணத்தில் பிடிக்கும் கருவி) உள்ள கன்ஸ்மித்தின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது சோதனை மட்டும். பிஸ்டல் காலி என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு முறை பிரித்துப் பூட்டிய பிறகும் செய்யுங்கள்.

ஹேமரைத் தூக்கி, கட்டைவிரல் சேஃப்டியைப் போட்டு, ட்ரிக்கரை நன்றாக அழுத்தி விடுங்கள். சேஃப்டியை எடுங்கள், ஹேமர் விழக் கூடாது. இப்போது பிஸ்டலைத் திசை மாற்றாமல், காதைப் பின்பக்கம் கொடுத்து ஹேமரை மெதுவாக இன்னும் பின்னுக்கு இழுங்கள். சிறிய டிக் ஓசை கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. அதாவது சேஃப்டி தேய்ந்திருக்கிறது.

அடுத்து, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் பிடித்து ட்ரிக்கரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது. பிறகு ஸ்லைடை 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து ட்ரிக்கரை இழுங்கள். அப்போதும் விழக் கூடாது, விழுந்தால் டிஸ்கனெக்டர் தேய்ந்திருக்கிறது. பழைய முறை ஹேமர்களில் அரைத்தூக்கு நிலையில் ட்ரிக்கரை அழுத்தினாலும் ஹேமர் நிற்க வேண்டும். சீரிஸ் 80-இல் அந்த நிலை வெறும் மேடை என்பதால் அங்கே ஹேமர் விழுவது இயல்பு.

இவற்றில் ஒன்று தவறினாலும், அல்லது ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே இறங்கினாலும், அந்தப் பிஸ்டலில் தோட்டா போடாதீர்கள். நேராகக் கன்ஸ்மித்திடம் போகட்டும்.

காலிச் சேம்பரின்மேல் ஸ்லைடை முழு விசையில் விடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தோட்டா ஏறும்போது ஸ்லைடின் வேகம் குறைகிறது. காலியாக விடும்போது அந்த மட்டுப்பாடு இல்லாமல் சியர் கொக்கியில் குதித்து மோதும். ஒரு நல்ல ட்ரிக்கரை மாதக்கணக்கில் செம்மைப்படுத்தியவரின் உழைப்பு இப்படித்தான் வீணாகிறது. ஸ்லைடைக் கையால் பிடித்து மெதுவாக மூடுங்கள்.

சுத்தமும் எண்ணெயும்

பேரலைப் பின்பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் துடையுங்கள். கரைப்பானில் நனைத்த துணியை ஒருமுறை ஓட்டி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையைப் பத்துப் பன்னிரண்டு முறை செலுத்தி, துணி வெளுப்பாக வரும்வரை துடைத்தால் போதும். நிக்கல் முலாம் பூசிய பிஸ்டலில் அம்மோனியா கலந்த கரைப்பானைப் பயன்படுத்தாதீர்கள். முலாமில் சிறு கீறல் இருந்தாலும் அடியிலுள்ள செம்புப் படலத்தை அது அரித்து, நிக்கல் உரிந்து வரும். மரப்பிடிகளைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

1950களுக்கு முந்தைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர், சுட்ட பின் பேரலில் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருவை வரவழைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சூடான சோப்பு நீரில் பேரல், புஷ், ஸ்லைடின் முகம் எல்லாவற்றையும் கழுவி, கொதிநீர் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள்.

எண்ணெய் சொட்டுக் கணக்கில் போதும். இரண்டு ரயில்களிலும் இரண்டிரண்டு சொட்டு நீளவாக்கில், பேரலின் முனையைச் சுற்றி ஒன்று, மேற்பற்களில் ஒன்று, லிங்க்கில் ஒன்று, டிஸ்கனெக்டரின் தலையில் ஒன்று, ஹேமர் கொக்கியில் ஊசி முனையால் ஒன்று. இறுக்கமாகப் பொருத்திய பிஸ்டல் தளர்வான ராணுவப் பிஸ்டலைவிடக் கூடுதல் எண்ணெய் கேட்கும். நூறு, நூற்றைம்பது சூட்டுக்குப் பிறகு ரயிலில் மறுபடி விடுங்கள். ஃபயரிங் பின் துளை, சேம்பர், மேகசினின் உட்புறம் மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும். பின் துளையில் எண்ணெய் தேங்கினால் கரியோடு சேர்ந்து பசையாகிப் பின்னின் வேகத்தைக் குறைக்கும்.

வைத்திருக்கும் முறை

தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் பதனிட்ட உப்புகளும் அது பிடித்துவைக்கும் ஈரமும் நீலப்பூச்சின் அடியில் புள்ளிப் புள்ளியாகத் துருவை உண்டாக்கும். கையின் வியர்வையும் அப்படித்தான், தொட்ட பிறகு எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தே வையுங்கள். வெளிப்பரப்பில் மென்மையான மெழுகை மெல்லியதாகப் பூசினால் எண்ணெயைவிட நீண்ட நாள் நிற்கும். பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள்.

அசல் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தால் அப்படியே விடுங்கள். மறுபூச்சுக்காகப் பரப்பைத் தேய்க்கும்போது எழுத்துகளின் விளிம்பும் மூலைகளின் கூர்மையும் போய்விடும். சேகரிப்பாளர்கள் அதை ஒரு பார்வையில் கண்டுகொள்வார்கள்.

1935-இன் பிரவுனிங் ஹை-பவர், செக் நாட்டின் சிஇசட் 75 போன்ற பிற எஃகுப் பிஸ்டல்களுக்கும் இந்த முறைகளில் பெரும்பாலானவை பொருந்தும். சில வேறுபாடுகள்: ஹை-பவரில் லிங்க் கிடையாது, பேரலின் கீழேயுள்ள சரிவே அதை இறக்குகிறது, ரீகாயில் ஸ்பிரிங் 17 பவுண்டு. சிஇசட் 75-இல் ஸ்லைடு ஃபிரேமின் உட்புறமாக ஓடுவதால் பிடித்து இழுக்க இடம் குறைவு, ரயிலில் சேரும் கரியையும் ஃபிரேமின் உள்விளிம்பில்தான் தேட வேண்டும். அதன் ஸ்லைடு ஸ்டாப் பின் நெடுநாள் பயன்பாட்டில் முறிவதுண்டு, உபரியாக ஒன்று வைத்திருங்கள். சிஇசட் 75 பி வகையில் ஃபயரிங் பின்னைத் தாங்கும் சுருள் பின், காலியாகச் சுட்டுப் பழகினால் நசுங்கிவிடும். பயிற்சிக்குச் சேம்பரில் போலித் தோட்டா வையுங்கள்.